கியர் உதறிய நாளில் அப்பா வாய் திறந்தார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு பிறகு மேலே படி. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் எனக்கு எப்போதும் நினைப்பு. கொஞ்ச நாளாக நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்று சொன்னேனே, அத்தனையும் பொய். நீ என்னென்னவோ நினைத்துப் பயந்திருப்பாய். விஷயத்தைப் போனில் சொல்ல முடியவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், காது மட்டும் பாம்புக் காது. சொல்ல ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வருமா அழுகை வருமா என்றும் தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போனதிலிருந்து நம் பழைய டீசல் கார் கொட்டகையில் அப்படியே கிடந்தது. பேச்சுப் பயிற்சிக்குப் போக வாடகைக் கார் வந்தால் ஏறமாட்டார், வாசல் கேட் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். ஆனால் கொட்டகைக்கு மட்டும் தானாகவே காலை இழுத்து இழுத்துப் போய் அந்தக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நிற்பார். இதைப் பார்த்துவிட்டு உன் மாமா, "அக்கா, நான் எதுக்கு இருக்கேன், ரெண்டே நாள்ல ஓட வெச்சுக் காட்டுறேன்" என்று கிளம்பிவிட்டான். என் தம்பியின் ரெண்டு நாள் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது, பிடிக்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்க மட்டும் தெரியும். நல்லவேளையாக ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்தான். பானெட்டைத் திறந்தால் உள்ளே எலி குடும்பமே நடத்தியிருக்கிறது, உன் பழைய பச்சை ஸ்வெட்டரைக் கிழித்து மெத்தை வேறு. டேங்கிலிருந்த டீசல் தார் மாதிரி வந்தது, அதையெல்லாம் வடித்துக் கழுவி, பில்டர் மாற்றி, பேட்டரி புதிது போட்டு, ஹீட்டர் பிளக் மாற்றி, கையாலேயே பம்ப் அடித்து டீசல் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, கடைசியில் ஒருநாள் இருமி இருமிக் கிளம்பியது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, கொடியில் காய்ந்த துணியெல்லாம் மறுபடி துவைத்தேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஓடியதே தவிர கியர் சரியில்லை. பெயர்தான் ஆட்டோமேட்டிக், ஒவ்வொரு கியர் மாறும்போதும் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைப்பது போல ஓர் உதறல். மெக்கானிக் கியர் ஆயிலை வடித்தார், கருகிய நாற்றம். புது ஆயில் ஊற்றி, உள்ளேயிருந்த பில்டரையும் மாற்றியும் உதறல் நிற்கவில்லை. "இன்னும் எங்கயோ கோளாறு இருக்கு, ரோட்டுக்கு எடுக்காதீங்க, நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். உன் மாமா கேட்பானா? "புது ஆயில் அக்கா, ஓட ஓட செட் ஆயிடும்" என்று அப்பாவை முன்சீட்டில் ஏற்றிவிட்டான். அவரும் மறுக்காமல் ஏறினார், அந்த ஆசையில் நானும் வாயை மூடிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. பாங்க் பக்கத்து சிக்னலில் முன்னால் ஒரு தண்ணீர் லாரி. விளக்கு மாறியதும் உன் மாமா மிதித்தான், கார் நகரவில்லை, இன்னும் அழுத்தினான், திடீரென்று தூக்கி எறிந்த மாதிரி முன்னால் பாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். லாரிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இடைவெளியில் பிரேக் பிடித்திருக்கிறான். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

கெட்ட வார்த்தை. சாதாரணக் கெட்ட வார்த்தை இல்லை, பஸ் ஸ்டாண்டில் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள் சொல்வார்களே, அந்த ரகம். எழுத எனக்குக் கை வராது. பக்கத்து வண்டிக்காரர்தான் எட்டிப் பார்த்துத் திட்டுகிறார் என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன், அங்கே யாரும் இல்லை. உன் மாமா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மறுபடியும் சொன்னார், தெளிவாக, ஓர் எழுத்து பிசகாமல். முப்பது வருஷம் நூலகத்தில் இருந்து, "சத்தம் போடாதீங்க" என்பதைக்கூடச் சத்தமாகச் சொல்லாத மனுஷன்! பின்னால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கிறது, உன் மாமா நடுரோட்டில் "அத்தான், என்னையா சொன்னீங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க அத்தான்" என்று அழுகிறான். அவரும் சொன்னார்.

அன்றைக்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாவிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. "கோபத்துல தானா வர்ற வார்த்தை மூளையில வேற வழியா வரும்மா, நிறைய பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும். வாயை மட்டும் அடைச்சுடாதீங்க" என்றார். நான் எங்கே அடைப்பது, இப்போது எல்லாவற்றுக்கும் அதே வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமா, அது. டீ நன்றாக இருக்கிறதா, அது. மாடி வீட்டு அம்மா எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு அவ்வளவு மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டு அதையே சொன்னார். அந்த அம்மா கீழே இறங்கி வந்தே ஒரு வாரம் ஆகிறது. சொன்ன பிறகு அப்பாவுக்கே அது என்னவென்று புரிகிறது, காது சிவந்துபோகிறது. வேறு ஒன்று சொல்லத்தான் பார்க்கிறார், இதுதான் வருகிறது. அதைப் பார்க்கும்போது மட்டும் எனக்குத் தாங்கவில்லை.

நாளைக்கு என்று சொன்ன மெக்கானிக் ஒரு வாரம் கழித்து வந்து கோளாறைக் கண்டுபிடித்துவிட்டார். கியர் எவ்வளவு மெதுவாக மாற வேண்டும் என்று இந்த மாதிரிக் காரில் விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய்தான் கியர்பாக்ஸுக்குச் சொல்லுமாம், அதையும் எலி கடித்திருக்கிறது. புதுக் குழாய் மாட்டி ஏதோ திருகித் திருகிச் சரிபார்த்தார். உன்னிடம் மறைப்பானேன், கியர் சரியாகிவிட்டால் இந்தப் பேச்சும் நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளூர ஒரு திகில். நேற்று மெக்கானிக்கே ஓட்டினார், கியர் மாறுவதே தெரியவில்லை, வெண்ணெய் மாதிரிப் போனது. அப்பா ஜன்னல் ஓரம் சாய்ந்து உட்கார்ந்து முன்பலகையை இடது கையால் தடவிக்கொண்டே, தூங்குகிற குழந்தையைக் கூப்பிடுவது போல அவ்வளவு மெதுவாக அந்த வார்த்தையைச் சொன்னார். அந்த அசிங்கத்தை இத்தனை பிரியமாகச் சொல்ல முடியும் என்று யார் கண்டார்கள்? திரும்பி வரும்போது ஒரு வேகத்தடை முன்னால் "மெதுவா" என்றார். இன்று காலையில் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன், வரவில்லை, பழையதுதான் வந்தது. வரும்.

இனிமேல் பொய் சொல்லமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை அவரிடம் கொடுக்கிறேன். குட்டியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே, பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவைக்கும். மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவிடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் வாய் நிறையப் பேசிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பா உன்னிடம் என்ன சொல்வார் என்று உனக்கு இப்போது தெரியும். வார்த்தையை விட்டுவிடு, குரலைக் கேள். அது அவர் குரல்தான், கொஞ்சம்கூட மாறவில்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா