பாதித் தூக்கு மோர்

14.6.2014, சனி

பேத்தி ஜெசிந்தாவுக்கு ஜீப் மாதிரி உயரமான கார் வாங்க, இன்று இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். அவள் திண்டிவனம் கோர்ட்டில் வக்கீல். எங்கள் தெருவிலேயே முதல் வக்கீல். என் இடுப்புக்கு எது தோது என்று பார்க்க, தூக்கு நிறைய மோரை மூடாமல் என் மடியில் வைத்துவிட்டாள்.

முதல் வண்டி விழுப்புரம் கடைத்தெருப் பள்ளங்களில்கூட ஒரு சொட்டு சிந்தவில்லை. "ஆயா, இதான் உனக்கு வண்டி" என்றாள். கூட வந்த மெக்கானிக் பாய் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெத்தைதாம்மா, இல்லன்னு சொல்லல. ஆனா எங்க நிக்கும்னு அதுக்கே தெரியாது. இன்னொண்ணு குலுக்கும், ஆனா நடுரோட்டுல வுடாது."

"எங்க ஆயா இடுப்புதான் முக்கியம் பாய்" என்றாள்.

இருட்டின பிறகு பைபாஸில் தனியாக வருகிறவள் அவள்தானே. இரண்டாவது வண்டியை ஓட்டிப் பார்க்க அவள் கையெழுத்துப் போடப் போன நேரத்தில், பாதி மோரைக் குடித்துவிட்டேன். வண்டி தூக்கித் தூக்கிப் போட்டது. மோர் தூக்கைத் தாண்டவில்லை.

"இன்னா ஆயா, குலுக்குதா?"

"தொட்டில் மாதிரி கீதுடி. ஜல்தியா இதையே எழுதிடு."

அட்வான்ஸ் கட்டிவிட்டாள். மாதாவே, பொய்யை மன்னித்துவிடு. இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. தைலம் அவள் அறையில் இருக்கிறது. போய்க் கேட்கத்தான் முடியாது.