கடற்பக்கத்துக் கோல்

10 ஜூலை 1973, செவ்வாய்

சோளகக் காற்று விடவில்லை. கொடியில் போட்ட சேலை வேலிக்கு அங்கால். சங்கக்கடையில் சீனி இல்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி.

பள்ளியில் படிப்பித்துவிட்டு வரும்போது வாசிகசாலை வாசலில் பெரிய வாக்குவாதம். உதைபந்தாட்ட லீக்கிலிருந்து ஆள் வந்து எங்கள் மைதானத்தை அளந்து போனாராம். கடற்பக்கத்துப் பாதி கட்டை, நீளம் காணாது. கோயில் பக்கத்துப் பாதி சரி. ஞாயிறுக்குள் கடற்பக்கத்துக் கோலைப் பின்னுக்குத் தள்ளி நடவேண்டும். இல்லாவிட்டால் அரையிறுதி யாழ்ப்பாணத்தில்.

அங்கே போனால் எனக்கில்லை. மட்ச் பார்க்க யாழ்ப்பாணம் போகிற பெண் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. தம்பி சூசை கப்டன். அடுத்த மாதம் கப்பல் வேலைக்குப் போகிறான், எப்போது திரும்புவானோ. அவன் ஒரு பெரிய மட்ச் விளையாடி நான் பார்த்ததே இல்லை. இதையாவது பார்க்கவேண்டும். நேர்த்தி வைக்கலாமா என்று யோசனை. இதற்கெல்லாமா நேர்த்தி!

தைக்க: சூசையின் சட்டை, தோள் பக்கம்.

11, புதன்

இன்றும் அதே வாக்குவாதம். கோலைத் தள்ளுவது பற்றி ஒருவரும் பேசக் காணோம். அந்தக் காலத்தில் பிழை விட்டது யார் என்பதுதான் கதை.

ஒரு கட்சி: கம்பங்களைச் சீமெந்தில் நாட்டியது பிழை. மண்ணில் நட்டிருந்தால் இன்றைக்குப் பிடுங்கி நடலாம்.

மறு கட்சி: ஆட்டம் பார்க்கக் கொட்டகை கட்டியதுதான் பிழை. அதை மைதான நடுக்கோட்டுக்கு நேரே கட்டியபடியால் அந்தக் கோடு இனி அசையாது.

தபால்கந்தோர் பொன்னுத்துரை இரண்டு கட்சிக்கும் எதிர். "கோயில் காணியை அண்டைக்கே கேட்டிருக்கவேணும். நான் சொன்னனான்." சொன்னாரோ என்னவோ. அப்போது அவர் இந்த ஊருக்கே வரவில்லை என்கிறான் சூசை.

எல்லாக் கட்சியும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்று. நிலம் அளந்தது பேதுரு அண்ணை. பழைய பெரிய ஆட்டக்காரர், இப்போது சொந்த வள்ளம். கடற்பக்கத்துக் கோலுக்குப் பின்னால் அவர் மனைவி தெரேசம்மா அக்கா கருவாடு காயப்போடுகிற இடம். அதற்காக ஊர் நிலத்தில் களவெடுத்தார் என்று வருஷக்கணக்கான பேச்சு. அவர் காதுபடவே. மனுசன் ஒரு சொல் பேசுவதில்லை.

களவெடுக்கிற முகமா அது? மண்டைக்குள் ஒன்று புகுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

12, வியாழன்

காலை கிணற்றடி. நேற்றுக் கட்டிய புதுக் கயிறு. நன்றாக நனைந்து இழுத்துக் கட்டையாகி, வாளி தண்ணீரைத் தொடமாட்டேன் என்கிறது. நின்றபடி யோசித்தேன். பேதுரு அண்ணை எதைக்கொண்டு அளந்திருப்பார்? வள்ளத்துக் கயிறுதானே. காலையில் ஈரத்தோடு கடற்பக்கம் அளந்திருப்பார். மத்தியானம் காய்ந்த பிறகு கோயில் பக்கம்.

பள்ளி விட்டதும் நேரே அவர் வீட்டுக்கு. முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நீங்கள் களவெடுக்கேல்லை. கயிறு நனைஞ்சிருந்தது. அதுதான் கட்டையாய்ப் போச்சு."

சிரித்தார். "நனைஞ்ச கயிறு இழுக்குமெண்டு கடலுக்குப் போறவனுக்குத் தெரியாதோ ரீச்சர்? தெரிஞ்சுதான் நனைச்சனான்."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஏன் என்று கேட்டேன். கேட்காமல் வர என்னால் முடியாது.

தெரேசம்மா அக்கா சமைக்கிற குசினிப் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார். "நான் விளையாடேக்கை இவள் அங்கை நிண்டுதான் பாக்கிறவள். கருவாட்டுக்குக் காகம் கலைக்கிறன் எண்டு சாட்டுச் சொல்லி. கோல் அங்காலை போனால் இவளுக்கு நிக்க இடமில்லை. கமிட்டியிலை சொல்லுற கதையோ இது?"

இத்தனை வருஷமாய்க் கள்ளன் என்ற பேர். அதைச் சுமந்துகொண்டு இந்த மனுசன் பேசாமல் இருந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். எழுதுவது சொல்வதில் சேராது.

13, வெள்ளி

நாலாம் வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு இருக்கும்போது உறைத்தது. நானும் அங்கே நின்றுதானே பார்க்கிறேன்! சின்ன ஆட்டங்கள் எல்லாம் காகம் கலைத்தபடி பார்த்தவைதான். ஊரில் பெண்களுக்கு வேறு இடமில்லை. கொட்டகை ஆண்களுக்கு. கோலைத் தள்ளினால் பின்னால் கடல். தள்ளாவிட்டால் மட்ச் யாழ்ப்பாணத்தில். எப்படிப் பார்த்தாலும் எனக்கு இல்லை.

மனம் கேட்கவில்லை. தெரேசம்மா அக்காவிடம் போனேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தா.

"கோலைத் தள்ளினால் கருவாட்டுக்கு என்ன செய்வியள் அக்கா?"

"கருவாடு கூரையிலையும் காயும் பிள்ளை. நாங்கள் எங்கை நிக்கிறது?" காகம் ஒன்றைக் கலைத்துவிட்டு, "நேற்று அவர் உமக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. குசினிக்குச் சுவர் ஓலைதானே. எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை அந்த மனுசன்."

கோபமா சந்தோஷமா, பிடிபடவில்லை. ஒரே மீனைத் திரும்பத் திரும்பப் புரட்டினா.

"கம்பத்தைக் கிண்டி எடுக்கச் சொல்லும். சீமெந்து உடைக்கிற அலவாங்கு எங்கடை வீட்டிலை இருக்கு."

14, சனி

கம்பம் கிண்டினார்கள். முதல் குத்துப் பேதுரு அண்ணை. சுற்றி நின்றவர்களுக்குப் புது வாக்குவாதம்: அன்றைக்குச் சீமெந்து குழைத்தது யார், ஏன் இவ்வளவு இறுக்கம். பின்னேரத்துக்குள் கோல் புது இடத்தில், கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு. லீக் ஆள் வந்து அளந்து தலையாட்டிவிட்டுப் போனார்.

கருவாட்டுப் பாய்கள் கூரையில். எங்கே நிற்பது என்று தெரேசம்மா அக்காவைக் கேட்டேன். "பூசை முடிஞ்சு சாப்பிட்டிட்டு வாரும்."

சூசையின் சட்டை தைத்து முடிந்தது.

15, ஞாயிறு

தோற்றோம். ஒன்றுக்கு இரண்டு. அந்த ஒன்று தம்பி அடித்தது.

முதலிலிருந்து எழுதுகிறேன். தெரேசம்மா அக்கா கோயில் சேலையோடு வந்தா. கையில் ஓலைப்பாய். நேரே கொட்டகைக்கு. பின்னால் நாங்கள், கருவாட்டுப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும்.

பொன்னுத்துரை எழும்பி, "இது கமிட்டி ஆக்கள் இருக்கிற இடம் அக்கா" என்றார்.

"தெரியும் தம்பி. அந்தக் கோல் இவ்வளவு காலமும் கட்டையாய் நிண்டது எனக்காகத்தான். நான் நிண்டு பாக்கவெண்டு என்ரை மனுசன் விட்ட இடம். அதை நேற்று உங்களுக்குத் தந்திட்டம். இனி நீங்கள் இடம் விடுங்கோ."

சத்தம் போடவில்லை. ஆனால் மைதானத்து மறுகரைவரை கேட்டிருக்கும். பேதுரு அண்ணை எல்லைக்கோட்டருகே குனிந்து, ஒன்றுமில்லாத மண்ணில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். பொன்னுத்துரைதான் முதலில் விலகி இடம் விட்டார். பிறகு பேதுரு அண்ணையைக் கள்ளன் என்ற முன்வரிசை முழுதும் எழும்பிப் பின்னால் போயிற்று.

ஆட்டம் தொடங்குவதற்கு முதல் தம்பி கடற்பக்கத்துக் கோலைப் பார்த்தான். வழக்கமாக நான் நிற்கிற இடம். வெறும் கடல். முகம் சுருங்கியது. நான் எழும்பி நின்றேன், கொட்டகை முன்வரிசையில், ஊர் முழுவதும் பார்க்க. திரும்பினான். கண்டுவிட்டான்.