ஒன்பது நொடிக்கு முன்னால் அடித்த ஹார்ன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நானும் சுகம், உன் சித்தியும் சுகம், நான் ஓட்டும் கல்லூரி பஸ்ஸும் சுகம். மூன்று பேரில் இப்போதைக்கு நல்ல பேரோடு இருப்பது பஸ் மட்டும்தான். அங்கே நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாராவாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் என் வாய் எந்தச் செய்திக்கும் கண்ணு, காது, மூக்கு வைத்துத்தான் அனுப்புகிறது, ஆகவே எழுத்தில்தான் சொல்ல வேண்டும், அதையும் தான் ஒரு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் உறையில் போட வேண்டும் என்பது உன் சித்தியின் உத்தரவு. எட்டாம் வகுப்போடு நின்றவன் ஆனாலும் என் கையெழுத்தைப் பார்த்து நம் கல்லூரி பிரின்சிபாலே ஒருமுறை அசந்து நின்றது உனக்குத் தெரியும். அசந்து நிற்கவில்லை, இது என்ன எழுத்து என்று கேட்டுத்தான் நின்றார் என்கிறாள் சித்தி. அதுவும் ஒருவகையில் அசந்ததுதானே.

விஷயம் அந்த பைனல் மேட்ச்தான். நம் பெண்கள் பாஸ்கெட்பால் டீம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றதைப் போனில் சொன்னேன். எதிர் டீம் ஆள் ஒருத்தன், மஞ்சள் சட்டை, முறுக்கு மீசை, ஹார்ன் அடித்து நம் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டான் என்றும் சொன்னேன். நீயும் ரத்தம் கொதித்து, பழைய மாணவிகள் எண்பது பேரிடம் கையெழுத்து வாங்கி, போட்டி நடத்திய கமிட்டிக்குப் புகார் அனுப்பிவிட்டாய். வளர்த்த பிள்ளை எனக்காக இவ்வளவு செய்கிறதே என்று எனக்கு ஒரு நாள் முழுக்கப் பெருமை. நீ கல்லூரி டீமில் இரண்டு வருஷம் மாற்று ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை நான் இங்கே நீ இல்லாமல் டீமே கிடையாது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், அதனால் உன் புகாருக்குத் தனி மரியாதை. ஆனால் பாப்பா, அந்தப் புகாரை நீ உடனே திரும்பப் பெற வேண்டும். ஏன் என்று கீழே எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

அன்றைக்கு ஸ்டேடியத்தில் ஐயாயிரம் பேர். சரி, ஐந்நூறு பேர், சித்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். மேலே தகரக் கூரை, கத்தினால் காதுக்குள் இடி இடிக்கும். நம் டீம் கேப்டனை நீ பார்த்ததில்லை, தோள் உயரத்துக்குத்தான் இருப்பாள், எல்லோரும் கடுகு என்றுதான் கூப்பிடுவோம், காரம் அப்படி. கடைசி நிமிஷத்தில் நாம் அறுபத்தொன்று, அவர்கள் அறுபது. என்னால் உட்கார முடியவில்லை. இதயம் பலவீனம் என்று நினைத்துவிடாதே, இரும்பு இதயம், ஆனால் இரும்பும் சூடேறும் இல்லையா. எழுந்து வெளியே போய் பஸ்ஸில் ஏறினேன். நம் டீம் ஜெயித்தால் நான் மூன்று தடவை நீளமாக ஹார்ன் அடிப்பேன், பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வெளியே ஓடி வருவார்கள், இது உன் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். போன வருஷம் நானே தேடிப் பிடித்துக் கப்பல் மாதிரி கத்துகிற புது ஹார்ன் ஒன்று வேறு மாட்டியிருந்தேன். பஸ்ஸை ஸ்டேடியத்தின் பின்பக்க ஷட்டரை ஒட்டி நிறுத்தியிருந்தேன். அந்தச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று வா, வா, இன்னும் வா என்று வழிகாட்டியவன் எதிர் கல்லூரி பஸ் டிரைவர், நல்ல மனுஷன், இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். பாதி தூக்கியிருந்த ஷட்டர் வழியாக, என் சீட்டிலிருந்தே ஸ்கோர் போர்டு தெரிந்தது. சிவப்பு லைட்டில் நேரம் ஓடுவதைப் பார்த்தேன், பூஜ்யம் வந்துவிட்டது, ஜெயித்தாயிற்று என்று முழு உள்ளங்கையையும் வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன்.

அது பூஜ்யம் இல்லை பாப்பா. ஒன்பது.

என் கண் கழுகுக் கண் என்று நான் முப்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். கழுகுக்கும் வயதாகும் என்று உன் சித்தி இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறாள். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு தடவை கண் டாக்டரிடம் சீட்டு வாங்கி வைத்தாள், இரண்டு தடவையும் பஸ்ஸுக்கு அவசர வேலை வந்துவிட்டது, அதாவது நான் வரவழைத்துக்கொண்டேன். ஷட்டர் வழியாகப் பார்க்கிறேன், உள்ளே பந்தோடு ஓடிக்கொண்டிருந்த கடுகு சட்டென்று நின்றாள், பந்தை அழகாகத் தரையில் வைத்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். எதிர் டீம் பெண் ஒருத்தி அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டாள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. அதற்கப்புறம்தான் நிஜமான மணி அடித்தது. இரண்டாவது ஹார்னுக்குத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

சத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கூச்சலில் யாருக்கும் தெரியவில்லை. நான் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் நுணலும் தன் வாயால்தான் கெடும். மறுநாள் டீக்கடையில் நாலு பேர் சோகமாக உட்கார்ந்திருந்தார்கள், ஆறுதலுக்காக யாரோ ஹார்ன் அடித்தான் என்றேன். இரண்டாவது டீக்கு அவனுக்கு மஞ்சள் சட்டை வந்தது. மூன்றாவது டீக்கு மீசை வந்தது. சாயங்காலம் கல்லூரி வாசலில் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்து முறைத்துவிட்டுப் போனான். கோச் அம்மா அதைக் கேட்டு, விடாமல் எழுதிக்கொண்டு, கமிட்டிக்குப் புகார் அனுப்பி, முதல் சாட்சி என்று என் பேரைப் போட்டுவிட்டார்கள். உனக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான். போட்டோகூட எடுத்தேன், படம் சரியாக விழவில்லை என்று நான் சொன்னதையும் மறந்துவிடு.

இதற்கு நடுவில் கடுகின் பாடுதான் திண்டாட்டம். அவள் யாரிடமும் ஒன்றும் விளக்கவில்லை, முடிஞ்சுதுன்னு நினைச்சேன் என்ற ஒரே வார்த்தைதான். கேண்டீனில் அவள் தட்டைக் கீழே வைத்தால் பின்னாலிருந்து, என்ன கேப்டன், டைம் முடிஞ்சிடுச்சா என்று கேட்கிறார்களாம். நோட்டை வைத்தாலும் அதே கேள்வி, பையை வைத்தாலும் அதே கேள்வி. பஸ்ஸில் பின் சீட்டில் போய் உட்கார்ந்தவள் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை, கண்ணாடியில் பார்த்தேன். நாலாம் நாள் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கோச் அம்மா மேஜையில் வைத்துவிட்டு, இனிமேல் பந்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு முறைதான் போட்டுக்கொண்டேன். சித்தி என்ன என்று கேட்டாள், அவளிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன். சொன்னால் கண் பரிசோதனை வரும், சீட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், முப்பது வருஷ ஸ்டியரிங், அதை விட்டால் நான் யார் என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, மூடவே தெரியாத வாய் உங்க வாய், திறக்க வேண்டிய ஒரே இடத்துல மூடிக்கிட்டு உக்காந்திருக்கீங்க என்றாள். பிறகு, கண்ணு தெரியாம முப்பது பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்களே, அது உங்களுக்கு உறைக்கலையா என்றாள். அதற்கு மட்டும் எனக்கு எந்தக் கதையும் வரவில்லை பாப்பா.

விசாரணை வியாழக்கிழமை, அதே ஸ்டேடியத்து ஆபீஸ் ரூமில். ஒரு அலமாரி நிறையத் தூசி பிடித்த கோப்பைகள், நீளமான மேஜை, கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். நானும் கோச் அம்மாவும் கடுகும் ஒரு பக்கம். எதிர்ப் பக்கம் ஒரே ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், மஞ்சள் சட்டை, முறுக்கு மீசை. எனக்குப் பஸ் நிறுத்த வழிகாட்டினானே, அதே டிரைவர். அவன் கல்லூரி யூனிபார்மே மஞ்சள்தான், அன்று கண்ணில் பட்ட சட்டைதான் மறுநாள் என் வாயில் வந்திருக்கிறது. அவனை நாலு நாளாக வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தார்களாம். ஹார்ன் அடித்தாயா என்று கேட்டதற்கு அவன், சார், என் பஸ்ல ஹார்னே வேலை செய்யாது, ரெண்டு மாசமா ஜன்னல் வழியா கையை விட்டுத் தகரத்தைத் தட்டிக்கிட்டுத்தான் ஓட்டறேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, அண்ணே, நல்லா யோசிச்சுப் பாருங்க, அது நான்தானா என்றான். அண்ணே என்று சொல்லாமல் இருந்திருந்தால் கூட நான் சமாளித்திருப்பேனோ என்னவோ.

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். ஹார்ன் என்னுது, கை என்னுது, கண்ணு தெரியல, மஞ்சச் சட்டை என் கற்பனை என்றேன். சிங்கம் மாதிரி கர்ஜித்தேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பாதியில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துத்தான் மீதியைச் சொன்னேன். கமிட்டித் தலைவர், ஹார்ன் யார் அடித்தாலும் நடுவர் விசில் ஊதும் வரை ஆட்டம் ஆட்டம்தான், முடிவு மாறாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மஞ்சள் சட்டை டிரைவரை அன்றைக்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கோச் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதவில்லை, தாள் தீப்பிடித்துவிடும்.

வெளியே வந்து கடுகிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆட்டம் முடிந்த மணி என்று நினைத்து ஏமாந்துட்டியே கண்ணு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மணின்னு நினைக்கல மாமா, உங்க ஹார்னுன்னு தெரியும், மூணு வருஷமா அந்த பஸ்லதானே வரேன், நீங்க அடிச்சா ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம், அதான் பந்தைக் கீழே வெச்சேன் என்றாள். பின்னே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னா உங்க வேலை போயிடும்ல என்றாள். பாப்பா, என் பேச்சை இந்த ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை என்பது எனக்கே தெரியும், பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பார்கள். முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள், அவளைத்தான் கவிழ்த்திருக்கிறேன்.

இப்போது என்னைச் சீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். டாக்டர் கண்ணாடி கொடுத்துவிட்டார், அதைப் போட்டால் நான் பேராசிரியர் மாதிரி இருக்கிறேன் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. நர்ஸ் ஒருத்தி மட்டும்தான் சொன்னாள் என்கிறாள் சித்தி. அடுத்த மாதம் இன்னொரு பரிசோதனை, அதில் தேறினால் ஸ்டியரிங், இல்லையென்றால் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பிடிக்கும் வேலை. ஆனால் சும்மா இல்லை. கடுகு ஜெர்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கோச் அம்மாவிடம் ஒரு நிபந்தனை போட்டாளாம். அதன்படி தினமும் சாயங்காலம் பஸ்ஸை யாராவது கோர்ட் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், நான் ஏறி உட்காருகிறேன், பிள்ளைகள் கடைசி ஒரு நிமிஷ ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள், நடுவில் எனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது ஹார்ன் அடிக்க வேண்டும். யார் நின்றாலும் பத்துச் சுற்று ஓட வேண்டும். முதல் நாள் எல்லோரும் நின்றார்கள், கோச் அம்மாவே நின்றுவிட்டார்கள். கடுகு மட்டும் நிற்கவில்லை. நேற்றும் அடித்தேன், இன்றைக்குப் பதினோரு தடவை அடித்தேன், முழு உள்ளங்கையையும் வைத்து அடித்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுக் கண்ணாடியில் அவள் முகம் நன்றாகத் தெரிகிறது. நம் டீம் பிழைத்துக்கொள்ளும் பாப்பா.

எண்பது பேருக்கும் நீயே எழுதி, மஞ்சள் சட்டைக்காரர் பேரில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் சித்தப்பாவுடையது என்று சொல்லிவிடு, கௌரவம் பார்க்காதே. நீயும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், ஒரு நடை போய்க் கண்ணைக் காட்டிக்கொள், நம் குடும்பத்துக் கண் கழுகுக் கண் என்று டாக்டரிடம் சொல்லாதே. எடுத்த காரியம் எல்லாம் கூடி வந்து, மெய்யாக அக்கறை உள்ளவர்கள் நாலு பேர் பக்கத்தில் இருக்க, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். சித்தி படித்து முடித்துவிட்டாள், மூன்றே மூன்று இடத்தில்தான் அடித்திருக்கிறாள், அது எனக்கு ஒரு சாதனை.

என்றும் உன்னை வளர்த்த,
சித்தப்பா
(தற்சமயம் ஹார்ன் மட்டும்)