துணி உலர்த்தும் அறை

கொடைக்கானல்,
3-11-1957

அன்புள்ள தமயந்திக்கு,

அய்யம்பாளையத்து வெயிலில் நீயும் நம் மகளும் சுகமாயிருக்க முருகன் துணை. இங்கே மூக்கைத் தவிர மற்றெல்லாம் எனக்குச் சுகம்.

ஊரார் சொல்லி நீ கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை, ஹோட்டல் கணக்குப்பிள்ளையாகிய நான், வேலை நேரத்தில், துணி உலர்த்தும் அறையில் வாயைப் பிளந்து தூங்கி முதலாளியிடமே பிடிபட்டேன். அப்போது என் மூக்கின்மேல் ஒரு கைக்குழந்தையின் கால் இருந்தது.

சிரிக்காதே, முழுவதும் கேள். பாய்லருக்கு அடுத்த அறை அது. இந்த மூடுபனியில் படுக்கை விரிப்புகள் வேறெங்கும் காயாது. வில்பட்டியிலிருந்து வெள்ளனே முட்டைக்கோசு கொண்டுவரும் பெண்கள், பிள்ளைகளைக் கூடையோரம் ஈரச்சாக்கில் கிடத்துவதைச் சலவை வேலை பார்க்கும் அருள்மேரி பார்த்தாள். யாரையும் கேட்காமல் தூக்கிவந்து உள்ளே படுக்கவைத்தாள். ஒரு அழுகுரல் விருந்தாளிகள் காதில் விழுந்தாலும் அவள் வேலை போய்விடும் என்று மானேஜர் அலெக்சாண்டர் மிரட்டியிருந்தார். புருஷன் இல்லாதவள், அந்தச் சம்பளம்தான் அவளுக்குச் சோறு.

விரிப்புகளைச் சரிபார்க்கத்தான் போனேன். வெள்ளை வெள்ளையாய் மேகம்போலத் தொங்கின. நடுவே பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம். ஜன்னலுக்கு வெளியே மலையும் ஏரியும் பாலில் கரைந்துபோயிருந்தன. நானும் கரைந்துவிட்டேன்.

கண் விழித்தால், மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கும் முதலாளி நிற்கிறார். பின்னால் மானேஜர், இன்றோடு இந்த அருள்மேரியை அனுப்பிவிடலாம் என்று முணுமுணுக்கிறார்.

"உமக்கு இங்க என்னய்யா சோலி?" என்றார் முதலாளி என்னிடம்.

இது நம் ஹோட்டல் செய்யும் தர்மம், நான் மேற்பார்வை என்று அளந்துவிட்டேன். பொய் தானாக வந்தது. வேட்டியைத்தான் தேட வேண்டியிருந்தது.

அருள்மேரி முன்னால் வந்தாள். "விரிப்புக் காயுற சூடுதானுங்க. அதுலதான் பிள்ளைகளும் கெடக்கு. தனியா வெறகு போடலைங்க."

முதலாளி குனிந்து பிள்ளைகளைப் பார்த்தார். "கதவைச் சாத்துங்க, சூடு போகுது" என்றார். அவ்வளவுதான்.

இப்போது பிள்ளைகளுக்கு ஹோட்டல் பாலே வருகிறது. எங்கள் ஹோட்டலின் சேவை என்று மானேஜர் விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டுகிறார். அருள்மேரிக்கு வேலையும் போகவில்லை, பெயரும் வரவில்லை. எல்லாம் என் சொல்வன்மை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன்.

இந்தக் குளிர் பிள்ளைக்கு ஆகாது என்று இறங்கிப் போனாய். அந்த அறையில் பாய்லர் சுவரோரம் ஒரு கம்பளியை மடித்துப் போட்டிருக்கிறாள் அருள்மேரி. அது யாருக்கென்று நான் கேட்கவில்லை. தை பிறந்ததும் வா. மகள் நீடூழி வாழ்க.

உன்,
சுவாமிநாதன்

பி.கு: சொல்ல மறந்தேன். என் மூக்கின்மேல் கால் போட்டிருந்த பயல் முதலாளியின் பேரன். அவர்கள் தங்கியிருக்கும் பங்களா குளிருகிறதென்று வீட்டார் அருள்மேரியிடம் விட, ஒரு வாரமாய் அங்கேதான் தூங்குகிறானாம். அவனைத் தூக்கிப் போகத்தான் முதலாளி வந்தாராம்.