துரை அனுப்பிய படப்புத்தகம்

ஆடி 14, வெள்ளி.

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் தம்மிடம் கணக்கப்பிள்ளையாயிருந்த என்னை மறவாமல், சீமைக்குத் திரும்பிய துரை தம் கடலோர மலைக்கிராமத்தின் படப்புத்தகத்தை அனுப்பியிருக்கிறார். கடல்நாய்கள் வெயில் காயும் பாறை, பழங்கோட்டை. ஒருமுறை வந்து பார்க்க வேண்டுமாம்.

"போயிட்டுத்தான் வாங்களேன்," என்று மனைவி சிரித்தாள்.

இந்தியப் பிரஜாவுரிமைக்கு நானும் இலங்கைக்கு மகனுமாக மனுப்போட்டோம். ஏதேனும் ஒன்றாவது கிடைக்கட்டும் என்றுதான். இரண்டும் கிடைத்துவிட்டன. அடுத்த மாதம் நானும் அவளும் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும். மகன் இந்தத் தோட்டத்து லயக் குடியிருப்பிலேயே இருப்பான்.

அவன் கோட்டைப் படத்தைக் காட்டினான். "உள்ள போகத்தான் டிக்கெட்டாம்ப்பா. வெளிய வர ஒன்னும் வேணாமாம்."

மாலையில் பதிகம் ஓதினேன். இறைவன் எழுந்தருளிய ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தேன். முடிவில் என் ஊருக்காக வேண்டிக்கொள்ளும் இடத்தில், எந்தப் பெயரைச் சொல்வதென்று அறியாமல் நின்றுவிட்டேன்.