சைட்காரில் நிறைகுடம்

1952, வைகாசி 2, வியாழன்

புழுக்கம். மழை இன்னும் பிடிக்கவில்லை. தங்கை விசாலத்தின் வருங்கால மாமனார் கல்யாண ஏற்பாடு பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து இன்றே வந்துவிட்டார். நாளை வருவதாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலமாம், அந்தத் திசையில் பயணம் ஆகாதாம். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார் போல.

தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து என் மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்தேன். பட்டாள ஏலத்தில் எடுத்தது, பக்கத்தில் சைட்கார். வேகமாகப் போனால் குறையே இல்லை. மெதுவாகப் போனால் ஒரு உதறல், ஒரு தயக்கம், மறுபடி உதறல். கோட்டை வாசலில் கூட்டம், வேகத்தைக் குறைத்தேன். அந்த நேரம் பார்த்து மனிதர் பொடி டப்பியைத் திறந்தார். மூக்குக்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போயிற்று.

இறங்கினதும் முதல் வார்த்தை: "அம்பி, ஜானவாசத்துக்கு இந்தச் சனியன் வந்தா எம் புள்ளை வரமாட்டான்."

வைகாசி 4, சனி

வாடகைக்குக் கிடைக்கிற திறந்த கார் இரண்டும் அதே முகூர்த்தத்துக்கு வேறு கல்யாணங்களுக்குப் போய்விட்டன. மாப்பிள்ளை ராமநாதனுக்கோ சைட்காரில் ஜானவாச ஊர்வலம் வரத்தான் ஆசை, சொல்லியே அனுப்பியிருக்கிறான். சம்பந்தி ஒருவழியாக இறங்கி வந்தார். நிபந்தனையோடு.

"நாதஸ்வரத்துக்குப் பின்னாலே நடை வேகத்திலே வரணும். தலைப்பாகை ஒரு தடவை ஆடினாலும் சரி, நடுத்தெருவிலே இறக்கி நடத்திக் கூட்டிண்டு போயிடுவேன்."

செய்வார். புக்ககத்தில் அதைச் சொல்லிக்காட்டுவதை விசாலம் ஆயுசுக்கும் கேட்க வேண்டும். அப்பா இருந்திருந்தால் பேசியிருப்பார். இப்போது எது தப்பினாலும் என் தலை.

இன்று கிளம்புவார் என்று பார்த்தால், சனி கிழக்கே சூலம், திருநெல்வேலி கிழக்கே. தங்கிவிட்டார். அம்மா கறிக்குக் காய் தேடுகிறாள்.

வைகாசி 6, திங்கள்

லீவு. சாலை பஜாரில் மெக்கானிக் குட்டப்பன். "சாரே, இது பட்டாள வண்டியல்லே? பையப் போகச் சொன்னா இதுக்குக் கோபம் வரும், கேட்டோ."

செய்தது: கார்புரேட்டர் கழற்றி ஊதல், சின்னத் துவாரத்தில் கசடு. ஆக்ஸிலேட்டர் கேபிள் தொளதொளப்பு, இழுத்து வைத்தாயிற்று. செயின் தொங்கலும் சரி.

செய்யாதது: வாழையிலை. பந்தல்காரன். அம்மாவுக்குத் தைலம்.

பாதி உதறல் போயிற்று. மீதிப் பாதிக்கு, "சாரே, ஓட்டி ஓட்டிச் செரியாகும்." எனக்குச் சந்தேகம். எனக்கு இருப்பது ஒரு வாரம்.

வைகாசி 8, புதன்

புது யோசனை. சைட்கார் ஆசனத்தில் பித்தளைக் குடம், கழுத்து வரை தண்ணீர். சிந்தாமல் தெருமுனை வரை போய் வந்தால் தலைப்பாகையும் ஆடாது.

எதிர்வீட்டு மாமி பார்த்துவிட்டாள். "சீனு, நிறைகுடம் எதிரே வரதுடா! இப்பவே கிளம்பு!" மாமியின் பிள்ளை சீனுவுக்கு இன்று வேலைக்கு இன்டர்வியூ. அவன் செருப்பு மாட்டி வாசலுக்கு வருவதற்குள் நான் முனையில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். குடத்தில் பாதி இல்லை. "ஐயையோ, குறைகுடம்! உள்ளே வா, உள்ளே வா!" அவன் படியில் ஒரு கால், தெருவில் ஒரு கால். மாமி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

வைகாசி 10, வெள்ளி

இன்று விசாலமே குடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். கல்யாணப் பெண் இப்படித் தெருவிலா என்று அம்மா சத்தம். கேட்கவில்லை. இரண்டாவது சுற்றில் பாவாடை தொப்பல்.

"அண்ணா, பாதி வண்டி, பாதி உன் கை. வண்டி குலுங்கினா உன் கை குலுங்கறது. கை குலுங்கினா அது இன்னும் பாயறது. பார்த்துண்டே இருக்கேன்."

வாஸ்தவம். பிடியைச் சும்மா பிசைந்துகொண்டே இருந்திருக்கிறேன். வலது கையை ஒரே இடத்தில் ஊன்றி வைத்தேன். கிளட்ச் பாதிப் பிடித்து, இடது கால் பின் பிரேக்கில் லேசாக. வண்டி பசுமாடு மாதிரி நடந்தது. முனை வரை போய் வந்தோம், ஒரு சொட்டு சிந்தவில்லை. விசாலம் கைதட்டினாள், அதில்தான் கொஞ்சம் சிந்தியது.

வண்டி வாங்கி இத்தனை நாளில் இவளை ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போனதில்லை. அடுத்த வாரம் இவள் இங்கே இல்லை.

வைகாசி 14, செவ்வாய்

ஜானவாசம். மழை வரப் பார்த்து வரவில்லை. முன்னால் நாதஸ்வரம், இரு பக்கமும் காஸ் லைட், சைட்காரில் ராமநாதன், மாலையும் ஜரிகைத் தலைப்பாகையும். சம்பந்தி கூடவே நடந்தார், கண் முழுக்கத் தலைப்பாகை மேல். கோயில் வாசலில் சுவாமிக்குக்கூடத் திரும்பிக் கும்பிடவில்லை. தலைப்பாகை ஆடவில்லை. கடைசியில் "பரவாயில்லை" என்று பொடி டப்பியை என்னிடம் நீட்டினார். பழக்கமில்லை, போட்டுக்கொண்டேன். இன்னும் தும்முகிறேன்.

வைகாசி 15, புதன்

கல்யாணம். கெட்டிமேளத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

வைகாசி 16, வியாழன்

பெண்ணை அனுப்பும் நாள். சம்பந்தி கூட்டம் மூட்டை முடிச்சோடு ஜட்காக்களில் முன்னால் போயிற்று. மணமக்கள் மட்டும் என் வண்டியில். சம்பந்தியின் உத்தரவு அது. "அம்பி, அன்னிக்கு மாதிரியே பதவிசாக் கூட்டிண்டு வா."

சைட்காரில் விசாலம், என் பின்னால் ராமநாதன். தெரு தாண்டியதும் விசாலம்: "இன்னும் மெதுவா, அண்ணா." கோட்டை வாசலில்: "இன்னும் கொஞ்சம்." முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். நான் மெதுவாக ஓட்டினேன். ராமநாதன் கடிகாரத்தைப் பார்த்தான், அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டான். நல்ல பையன்.

தம்பானூரில் ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் சம்பந்தியின் தலை, ஒரு குடை, நிறைய வார்த்தைகள்.

நாளை வெள்ளி, வீட்டுப் பெண்ணை அனுப்புகிற வழக்கமில்லை. சனி கிழக்கே சூலம். ஆக ஞாயிறுதான். வீட்டில் அம்மா விரல் விட்டு எண்ணினாள், "அடடா" என்றாள், உடனே பாயசத்துக்கு வெல்லம் நசுக்க உட்கார்ந்தாள்.

வைகாசி 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. கொல்லத்தில் ரயில் நின்றபோது சம்பந்தி அடித்த தந்தி காலையில் வந்தது. "ஞாயிறு வரவும். ஸ்டேஷனுக்கு ஜட்காவில்."

விசாலம் வாங்கிப் படித்தாள். "ஜட்காக்காரன்கிட்டேயும் மெதுவாப் போகச் சொல்லலாமோ, அண்ணா?"

குடையை எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.