ஒனிஹங்காவில் ஒரு கெண்டிச்செடி

14 ஏப்ரல் 1996
ஒக்லாந்து மவுண்ட் வெல்லிங்டன் நாற்றுக்கடையில் கெண்டிச்செடி ஒன்று வாங்கினேன். இலை நுனியில் மூடி போட்ட கெண்டி, உள்ளே நீர், விழுந்த பூச்சி வெளியே வராது. என் வாயைப் போல என்று என் புருசன் விநாயகமூர்த்தி சொல்லுமுன் நானே சொல்லிக்கொண்டேன். இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத இனமாம். நெஞ்சு நிமிர்ந்தது.

"எங்கட நாட்டுச் செடியோ?" என்றார் அவர். "இது இரத்தினபுரிப் பக்கத்துச் சாமான். எண்பத்திமூண்டு கலவரத்தில என்ர கடையை எரிச்ச ஊர். வெளியில வை!"

15 ஏப்ரல்
வைக்கவில்லை. எங்கள் ஒனிஹங்கா வீட்டில் ஹீற்றருக்குப் பக்கத்து ஜன்னலில் நிற்கிறது. அவர் என்னோடு கதைப்பதில்லை. காதுக்கு ஓய்வு.

2 மே
பக்கத்து வீட்டு வேதவள்ளி வந்தாள். மலேசியாக்காரி. ஒக்லாந்தில் பாதித் தமிழரின் கறி அவளுடைய கறிவேப்பிலையை நம்பித்தான் கொதிக்கிறது, அந்தத் திமிர்.

"எங்க ஊரு கெண்டியில குரங்கே தண்ணி குடிக்கும்க்கா. இது என்ன, நோஞ்சானா இருக்கு? கறிவேப்பிலைக்கு நான் ஊத்துற மாதிரி மீன் கழுவுன தண்ணி, புளிச்ச மோர் ஊத்துங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போன கையோடு ஊற்றினேன்.

20 மே
கெண்டிகள் கருகுகின்றன. இன்னும் மோர், இன்னும் மீன் தண்ணீர். வீடு மீன் சந்தை.

28 மே
கடைசிக் கெண்டியும் விழுந்தது. வேதவள்ளியின் சதியா? இல்லை, இந்த மனுசனா? கேட்டேவிட்டேன் — "நஞ்சு கிஞ்சு வைச்சியளோ?"

"நஞ்சு வைக்கிறது நீ! அது ரோட்டு வெட்டின கரையில, புல்லும் முளைக்காத மண்ணில நிக்கிற சாமான். மழைத்தண்ணியும் பூச்சியும்தான் அதுக்குச் சாப்பாடு. வேருக்குச் சோறு போட்டால் வேர் அவிஞ்சு போகும்."

அந்த ஊரைப் பற்றி, எரிந்த கதை தவிர, இந்த மனுசன் இவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை.

"தெரிஞ்சுகொண்டோ வாயை மூடிக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம். சாகட்டுமெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கதவை அறைந்தேன். பிறகு மண்ணைக் கொட்டிவிட்டு, சத்தில்லாத வெறும் பாசியில் நட்டேன். பிழைக்குமா?

16 ஜூன்
பின்வாசலில் வாளி ஒன்று மழைத்தண்ணீர் பிடிக்கிறது. நான் வைக்கவில்லை.
"என்னத்துக்கு?"
"கார் கழுவ."
காரை விற்று ஒரு வருடமாகிறது.

8 செப்டம்பர்
புதுக் கெண்டி ஒன்று, சுண்டுவிரல் அளவு, மூடி திறந்திருக்கிறது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓர் ஈ. குளிர்காலம் முடிந்தும் விடாத இந்தக் குளிரில், ஜன்னல் பூட்டிய வீட்டில், அது எப்படி நேரே அங்கே போய் விழுந்தது?

அவர் கதிரையில் இருந்தார். கையில் இன்றைய பேப்பர் — வாசிக்காமல், சுருட்டியபடி.